ஒற்றைக் கையால் ஓர் ஆற்றை அளந்தவர்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அண்மையில் நிகழ்ந்தது இது. பாடம் முடிந்து குழந்தைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் உலகப் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்தியப் படத்தையும் அமெரிக்கப் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலை நிமிர்ந்து, "தாத்தா, நம் மாநிலங்களின் எல்லையெல்லாம் கோணல்மாணலாக இருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஏன் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போல் இருக்கிறது?" என்று கேட்டாள்.

"அளப்பதற்கு வசதியாக அப்படிப் போட்டுக்கொண்டார்கள், அம்மா" என்று சொல்லிவைத்தேன்.

"குறுக்கே ஆறு வந்தால் என்ன செய்வார்கள்?"

அதற்கு அப்போது விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. வீடு திரும்பும் வழியிலேதான் நினைவு வந்தது: இதே கேள்வியை 1878ஆம் ஆண்டில் ஒருவர் அமெரிக்க அரசாங்கத்தின் முன்பாகவே எழுப்பியிருக்கிறார். அவருக்கு வலக் கை இல்லை. எஞ்சிய ஒரு கையோடு, யாரும் முழுதாகக் கண்டிராத ஒரு பேராற்றின் வழியே படகில் சென்று மீண்டவர் அவர். அவர் கேட்ட கேள்விக்கு அந்த நாடு அன்று செவிசாய்க்கவில்லை. அதன் பலனை நெடுங்காலம் அனுபவித்து வருகிறது. இத்திங்கள் அவர் வரலாற்றைக் காண்போம்.

ஜான் வெஸ்லி பவல் 1834ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் மாரிஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இங்கிலாந்திலிருந்து குடியேறிய மெதடிஸ்ட் சமயப் பிரசாரகர். குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. நியூயார்க்கிலிருந்து ஒகையோ, அங்கிருந்து விஸ்கான்சின், பின்னர் இல்லினாய் என்று மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இத்தகைய வாழ்க்கை புதிதன்று அல்லவா?

தந்தையார் அடிமை முறையை வெளிப்படையாகக் கண்டித்தவர். அதன் பொருட்டு ஒகையோவில் சிறுவன் பவல் உடன் படித்த பிள்ளைகளிடம் கல்லடி பட்டான். பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட அவனுக்கு ஜார்ஜ் குரூக்கம் என்ற அயலார் ஒருவர் ஆசிரியராக வாய்த்தார். அவர் தாமாகவே இயற்கை நூல்களைக் கற்றறிந்தவர். சிறுவனைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அழைத்துச் சென்று, பாறைகளையும் செடிகொடிகளையும் காட்டிப் பாடம் சொன்னார். கண்ணால் கண்டதைக் குறித்துவைத்தல், அளந்தறியாததைப் பேசாதிருத்தல் என்னும் பழக்கம் பவலுக்குப் பிற்காலத்தில் இயல்பாகவே அமைந்தது. அதற்கு இந்தக் காட்டுப் பள்ளியே வித்திட்டது எனலாம். வாலிபப் பருவத்திலேயே 1856இல் மிஸிஸிப்பி ஆற்றிலும், 1857இல் ஒகையோ ஆற்றிலும் தனியே படகு செலுத்தி நெடுந்தூரம் சென்று வந்தார்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பவல் வடக்கத்தியப் படையில் சேர்ந்தார். 1862 ஏப்ரல் 6ஆம் நாள் ஷைலோ என்னும் இடத்தில் நடந்த கடும் போரில், துப்பாக்கிக் குண்டு அவர் வலக் கையைத் துளைத்தது. முழங்கைக்குக் கீழே கையைத் துண்டிக்க நேர்ந்தது. வேறொருவராயின் ஓய்வூதியம் பெற்று வீட்டோடு இருந்திருப்பார். இவரோ புண் ஆறியதும் மீண்டும் படைக்குத் திரும்பி, மேஜர் பதவியோடு விலகினார். பின்னர் இல்லினாயில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியரானார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கோடை விடுமுறைகளில் ராக்கி மலைகளில் ஏறினார். மலை உச்சியிலிருந்து பார்க்கும்போது, கீழே கிழிந்த கோடுபோல் ஓடிய ஆறுகள் அவர் மனத்தைக் கவர்ந்தன.

அக்காலத்து அமெரிக்கப் படங்களில் தென்மேற்கே ஒரு பெரும் பகுதி வெறுமையாக விடப்பட்டிருந்தது. கொலராடோ ஆறு அங்கேதான் மலைகளைக் குடைந்துகொண்டு ஓடியது. ஆற்றின் கரைகள் ஆயிரக்கணக்கான அடி உயரமுள்ள செங்குத்துப் பாறைகள். உள்ளே நீர்வீழ்ச்சிகள் உண்டென்றும், ஆறு பாதாளத்தில் மறைந்து விடுகிறதென்றும் ஜனங்கள் பலவாறாகப் பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்த்துவிடுவதென்று பவல் முடிவு செய்தார்.

1869ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், வயோமிங் பிரதேசத்தில் கிரீன் ரிவர் என்னும் ரயில் நிலையத்துக்கருகே நான்கு படகுகள் ஆற்றில் இறங்கின. பவலையும் சேர்த்துப் பத்துப் பேர். பத்து மாதங்களுக்கு வேண்டிய உணவுப் பொருள்களும், உயரத்தை அளக்கும் பாரமானிகளும் ஏற்றப்பட்டிருந்தன. சுமார் இரு வாரங்களில் ஒரு படகு சுழலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. அதிலிருந்த உணவும் உடையும் போயின. உடைந்த படகின் ஒரு பகுதி பாறையிடையே செருகிக்கொண்டிருந்தது. உயிரைப் பணயம் வைத்து அதனிடம் சென்றவர்கள் பாரமானிகளை மீட்டு வந்தபோது, பவல் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. உணவில்லாமல் பயணம் செய்யலாம், அளவின்றிச் செய்வது பயணமாகாது என்பது அவர் எண்ணம்போலும்!

ஒரு நாள் பாறை உச்சியை அளக்க ஏறியவர், நடுவழியில் மேலே போகவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டார். பற்றியிருப்பதோ ஒரே கை. அதை விட்டால் அதலபாதாளம். மேலே இருந்த பிராட்லி என்ற தோழரிடம் கயிறும் இல்லை, கம்பும் இல்லை. அவர் சிறிதும் தயங்காமல் தம் நீண்ட உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டார். பவல் பாறைப் பிடியை விட்டு, அந்தரத்தில் அத்துணியைத் தாவிப் பிடித்தார். இரு கை உள்ளவரும் செய்ய அஞ்சும் காரியம் அது.

நாளாக நாளாக மாவு பூசணம் பூத்தது. பன்றியிறைச்சி கெட்டுப் போயிற்று. ஆகஸ்டு மாதத்தில் மகா பள்ளத்தாக்கினுள் நுழைந்தபோது மாவும் உலர்ந்த ஆப்பிளும் காப்பித்தூளும் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. ஒருவர் முன்பே விலகிப் போயிருந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் மற்றொரு பயங்கர நீரோட்டத்தைக் கண்டு மூவர், "இனி ஆற்றில் வாரோம்" என்று சொல்லிப் பாறை வழியே ஏறிச் சென்றனர். எஞ்சிய அறுவர் ஒரு படகை அங்கேயே விட்டு, இரண்டு படகுகளில் அந்த ஓட்டத்தைக் கடந்தனர். இரண்டே நாளில், ஆகஸ்டு 30ஆம் நாள், விர்ஜின் ஆறு வந்து கூடும் இடத்தில் வலை வீசிக்கொண்டிருந்த சிலரைக் கண்டனர். பவலின் படகுச் சிதறல்கள் ஏதேனும் மிதந்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம்! ஆற்றை விட்டுச் சென்ற மூவரோ நிலத்தின்மேல் கொல்லப்பட்டனர். கொன்றவர் யார் என்பது பற்றி இன்றளவும் கருத்து வேற்றுமை உண்டு. சுமார் 1,000 மைல் ஆற்றுப் பயணம் இங்ஙனம் புகழிலும் துயரத்திலும் முடிந்தது. 1871இல் பவல் மீண்டும் அதே ஆற்றில் இறங்கி, முன்பு அரைகுறையாக நின்ற அளவைகளைத் தொடர்ந்தார்.

நிற்க. வீரச் செயல் என்ற அளவில் இவ்வரலாறு பலருக்கும் தெரியும். பவலின் பெருமை இதனோடு முடிந்திருந்தால் இப்பகுதியில் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். ஆற்றில் அவர் காட்டிய துணிவைவிட, அரசாங்க மண்டபங்களில் காட்டிய துணிவே பெரிது என்பது என் துணிபு.

அந்நாளில் அமெரிக்க சர்க்கார் 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேற்கே குடியேறுவோர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் வழங்கி வந்தது. ஐந்தாண்டு அதில் வாழ்ந்து பயிரிட்டால் நிலம் சொந்தம். நாடு முழுவதையும் சதுரங்கப் பலகைபோல் நேர்கோடுகளால் கட்டம் கட்டிப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் அரை மைல் கொண்ட சதுரம்தான் 160 ஏக்கர். மழை வளமுள்ள கிழக்குப் பகுதியில் இந்த முறை நன்றாகவே நடந்தது. வறண்ட மேற்கிலும் அப்படியே நடக்குமென்று நம்பினர். "ஏர் போகும் இடமெல்லாம் பின்னே மழை வரும்" என்று அக்காலத்தில் படித்தவர்களே பேசினர். உழுதால் வானமே மாறிவிடும் என்று கூறி நிலம் விற்றவர்களும் உண்டு.

பவல் 1878இல் வறண்ட நிலங்களைப் பற்றிய தம் அறிக்கையை வெளியிட்டார். அதன் சாரம் இது. ஏறக்குறைய நூறாவது மேற்குத் தீர்க்கரேகைக்கு அப்பால் ஆண்டுக்கு 20 அங்குல மழைகூடப் பெய்வதில்லை. அமெரிக்காவில் ஐந்தில் இரு பங்கு நிலம் இத்தகையது. அங்கே வானத்தை நம்பி வேளாண்மை செய்வது தற்கொலைக்கு ஒப்பாகும். ஆற்றுப் பாசனத்தால் மட்டுமே பயிர் விளையும். ஆற்று நீரோ சொற்பம். யூட்டா பிரதேசத்தை அவர் அளந்து கணக்கிட்டபோது, 100க்கு 2.8 பங்கு நிலத்துக்கே பாசனம் தர முடியும் என்று கண்டார். ஆகவே நிலம் எவ்வளவு உண்டு என்பது கேள்வியன்று. நீர் எவ்வளவு உண்டு என்பதே கேள்வி.

நேர்கோட்டுக் கட்டங்களின் தீமை இங்கேதான் வெளிப்படுகிறது. நான்கு கட்டங்கள் அருகருகே உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஓடை ஒரு கட்டத்தின் வழியே மட்டும் ஓடுகிறது. அக்கட்டத்தைப் பெற்றவன் நீருக்கு உடையவனாகிறான். மற்ற மூவரும் அவன் தயவில் வாழவேண்டும், அல்லது ஊரைவிட்டுப் போகவேண்டும். வகுப்பில் அச்சிறுமி கேட்டாளே, "குறுக்கே ஆறு வந்தால்?" என்று. அதற்கு விடை இதுதான்: குறுக்கே ஆறு வந்தால், வலியவன் அதை எடுத்துக்கொள்வான்.

இதற்குப் பவல் சொன்ன மாற்று வழி எளியது. கோடுகளை ஆற்றுக்கேற்ப வளைத்து, கூடியவரை ஒவ்வொரு பண்ணைக்கும் நீர் எட்டும்படி பிரிக்கவேண்டும். பாசன நிலமாயின் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கரே போதும். மேய்ச்சல் நிலமாயின் 2,560 ஏக்கரும், அதில் 20 ஏக்கருக்கு மட்டும் பாசனமும் வேண்டும். நீருரிமை நிலத்தோடு பிணைந்திருக்கவேண்டும். நீரை மட்டும் தனியே விற்கவோ, ஒரு கம்பெனி வாங்கிக் குவிக்கவோ இடமிருத்தல் ஆகாது. ஒன்பது குடியேறிகளோ அதற்கு மேற்பட்டவர்களோ ஒன்றுகூடித் தங்கள் பாசன வட்டத்தைத் தாங்களே அமைத்து, விதிகளையும் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். வீடுகளை நெருங்கக் கட்டிக்கொண்டால் பள்ளிக்கூடமும் சாலையும் பொதுவாக அமையும்.

இவையெல்லாம் வெறும் கற்பனையல்ல. யூட்டாவில் மார்மன் சமயத்தார் கூட்டாக வாய்க்கால் வெட்டி, முறை வைத்து நீர் பாய்ச்சியதை அவர் நேரில் கண்டிருந்தார். ஆயக்கட்டு, முறைப்பாசனம், குடிமராமத்து என்னும் சொற்களோடு வளர்ந்த நம் முன்னோர்க்கு இக்கருத்துகளில் வியப்பொன்றும் இருந்திராது. தனி மனிதன் தன் வலிமையால் நாட்டை வென்றெடுக்கிறான் என்று பெருமை பேசிய அமெரிக்காவிலோ இது கேட்கக் கசப்பான பேச்சாக இருந்தது. அறிக்கை அச்சேறிற்று, சட்டமாகவில்லை.

பவல் சோர்ந்துவிடவில்லை. 1881இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தலைவரானார். 1888இல் மேற்கத்திய ஆறுகளையும் அணைகட்டும் இடங்களையும் ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் ஆற்றில் ஓடும் நீரை அளக்கவேண்டும் என்றார். 1889இல் நியூ மெக்ஸிகோவில் எம்புடோ என்னும் இடத்தில், ரியோ கிராண்ட் ஆற்றின்மேல் அந்த ஆய்வகத்தின் முதல் நீரளவு நிலையம் தொடங்கிற்று. இன்று அந்நாட்டில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடைபெறும் ஆற்று அளவைக்கு அதுவே தாய். அக்காலத்தில் அவருடைய ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் வில்ஸன் என்ற பொறியாளர், நம் நாட்டுக் கால்வாய்களையும் ஏரிகளையும் பற்றி விரிவான அறிக்கை ஒன்று எழுதினார் என்பதும், அது அந்த ஆய்வகத்தின் 12ஆவது ஆண்டறிக்கையில் வெளிவந்தது என்பதும் நாம் அறிந்துகொள்ளத் தக்க செய்திகள்.

அந்நாளில்தான் அவர் ஒரு வண்ணப் படம் வரைவித்தார். வறண்ட மேற்கு முழுவதையும் ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டிய படம் அது. அடிக்கோல் எல்லைகளை அந்நிறங்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு மலை முகட்டிலிருந்து வழியும் நீரெல்லாம் எந்த ஆற்றில் சேருமோ, அந்த நிலமெல்லாம் ஒரு குடும்பம். மேலேயுள்ள காட்டை வெட்டினால் கீழேயுள்ள வயல் வாடும். ஆகவே காடு, மேய்ச்சல், வயல் மூன்றையும் அந்தப் படுகையில் வாழ்வோரே சேர்ந்து ஆளவேண்டும் என்றார்.

ஆய்வு முடியும்வரை பாசன நிலங்களை எவரும் பதிவு செய்யலாகாது என்று சட்டத்தின் ஒரு விதி தடுத்தது. நிலத் தரகர்களும் அவர்களைச் சார்ந்த சட்டமன்றத்தாரும் வெகுண்டெழுந்தனர். நெவாடா மாநிலத்து செனட்டர் ஸ்டூவர்ட் முன்னின்று எதிர்த்தார். 1890இல் அப்பணிக்கான பணம் வெட்டப்பட்டது.

1893ஆம் ஆண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பாசன மாநாடு கூடிற்று. மேற்கு முழுவதையும் சோலையாக்கலாம் என்ற உற்சாகம் மண்டபத்தில் பொங்கி வழிந்தது. பவலும் பேச அழைக்கப்பட்டார். எழுதிக் கொண்டுவந்ததை ஒதுக்கிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னார்: இருக்கும் நிலத்துக்குப் போதுமான நீர் இல்லை, நீங்கள் சேர்த்து வைப்பது உங்கள் மக்களுக்குச் சண்டையும் வழக்குமே. கூட்டம் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தது. மறு ஆண்டே அவர் பதவியை விட்டு விலகினார். 1902 செப்டம்பர் 23ஆம் நாள் காலமானார்.

அதன்பின் நடந்தவை அவர் சொன்னதற்கு உரை எழுதினாற்போல் இருக்கின்றன. 1930களில் வறண்ட சமவெளிகளில் உழுது விட்ட மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. இலட்சக்கணக்கானோர் வீடு வாசல் துறந்தனர். 1922இல் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொண்டன. மேல் படுகைக்கு 75 இலட்சம், கீழ்ப் படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி என்று கணக்கிட்டனர். கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகளோ வழக்கத்துக்கு மிஞ்சிய நீர் ஓடிய ஆண்டுகள். இந்த நூற்றாண்டில் ஆற்றில் வந்த நீர் சராசரியாக அந்த 150 இலட்சத்துக்கு மிகவும் குறைவு. 2021இல் அந்த ஆற்றில் முதன்முறையாகத் தட்டுப்பாடு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 1963இல் கட்டி முடிந்த கிளென் கான்யன் அணையின் நீர்த்தேக்கத்துக்குப் 'பவல் ஏரி' என்று பெயர். 2023இன் தொடக்கத்தில் அது கால் பங்குக்கும் குறைவாக வற்றிக் கிடந்தது. நீர் போதாது என்று சொன்னவர் பெயரைச் சூட்டிய ஏரியிலேயே நீர் போதவில்லை!

பவலிடம் குறைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். கடலில் சேரும் நீரெல்லாம் வீண் என்றே அவரும் நினைத்தார். ஆற்றுக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் பங்குண்டு என்ற எண்ணம் அவர் காலத்தில் வேரூன்றவில்லை. அமெரிக்கத் தொல்குடியினரின் மொழிகளை அரும்பாடுபட்டுத் தொகுக்கச் செய்தவர், அவர்கள் தம் வாழ்க்கை முறையை விட்டுக் குடியேறிகளைப்போல் மாறவேண்டும் என்றும் கருதினார். நீர்ப் பங்கீட்டில் அம்மக்களுக்குரிய இடத்தை அவரும் நினைக்கவில்லை. 1922இல் கூடியவர்களும் நினைக்கவில்லை. ஆயினும் அளந்தறிந்த உண்மையை, கேட்க விரும்பாதவர் நடுவே நின்று சொன்ன நெஞ்சுரம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

அன்பர்களே, பிழைப்பைத் தேடிப் பல ஊர்களில் வாழ்கிறோம். தில்லியில் குழாயைத் திறந்தால் யமுனையும் கங்கையும் வருகின்றன. மும்பையில் தான்சாவும் வைதர்ணாவும், பெங்களூரில் காவிரியும் வருகின்றன. நாம் ஊரை மாற்றிக்கொண்டபோதே நம் ஆற்றையும் மாற்றிக்கொண்டோம். அது எந்த மலையில் பிறக்கிறது, வழியில் யார் வயலைக் கடந்து நம்மிடம் வருகிறது, நமக்குப் பின் யார் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆற்றுப் படுகை ஒரு குடும்பம் என்றால், நாமும் அதில் வந்து சேர்ந்த உறவினரே. வந்த வீட்டின் கணக்கறிந்து செலவு செய்வது மருமகளுக்கு மட்டுமன்று, வந்தேறிய எவர்க்கும் அழகு.

வரும் ஞாயிறு பவலின் வண்ணப் படத்தின் பிரதி ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அச்சிறுமியிடம் அதைக் கொடுத்து, நாம் வாழும் ஊரின் ஆற்றுக்கும் அப்படி ஒரு படம் வரையச் சொல்லப்போகிறேன். அடிக்கோல் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன்.